டேப்லெட்டில் தங்கிவிடும் தேடல்கள்

கைப்பேசி ஒருவருக்கே உரிய உடைமையாகிவிட்ட இக்காலத்தில், டேப்லெட் மட்டும் பெரும்பாலான வீடுகளில் கூடத்து மேஜையின்மேல், யாரும் எடுத்துப் பார்க்கத்தக்க பொதுச் சொத்தாகவே இருந்துவருகிறது. காலையில் செய்தி படித்துவிட்டுத் தாத்தா வைத்துப்போனதை, மத்தியானம் மருமகள் குழம்பு வைக்கும் பக்குவம் பார்க்க எடுக்கிறாள். பள்ளி விட்டு வந்த பேரன் அதிலேயே கணக்குப் பாடம் கேட்கிறான். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரர் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் தேடுகிறார். இவ்வாறு நாலு பேரிடம் கைமாறும் ஒரு கருவியில், ஒவ்வொருவரும் தம் மனத்தில் எழுந்த சந்தேகங்களையெல்லாம் தயக்கமின்றி எழுதிக் கேட்கிறார்கள் என்பதையும், கேட்டவற்றை அந்தக் கருவி குறித்துவைத்துக்கொள்கிறது என்பதையும், அடுத்து வருபவர் முதல் எழுத்தை இட்ட மாத்திரத்தில் முன்னவர் கேட்டதை அது எடுத்து நீட்டிவிடக்கூடும் என்பதையும் நாம் சேர்த்து யோசித்துப் பார்ப்பதில்லை.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட ஒன்றினால் கலங்கிப்போன மகள், எல்லாரும் உறங்கிய பிறகு, ‘மார்பில் கட்டி வலி இல்லை’ என்று எழுதித் தேடுகிறாள். மறுநாள் விடியற்காலையில் அப்பா, மார்கழி மாதத்து விசேஷ தினங்களை அறியும் பொருட்டு ‘மார்’ என்ற அளவுக்கு எழுத, அதற்கு நேர் கீழே, சிறிய கடிகாரப் படத்துடன், முந்தைய இரவின் கேள்வி வந்து நிற்கிறது. “என்னம்மா, உடம்புக்கு என்ன?” என்று அவர் பதறிப்போய்க் கேட்கிறார். “ஒண்ணுமில்லப்பா, சும்மாப் பார்த்தேன்” என்கிறாள் அவள். அந்த விஷயத்தை எப்போது சொல்வது, அம்மாவிடம் முதலில் சொல்வதா, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதா என்று தீர்மானிக்கும் பாத்தியதை அவளுக்கே உரியது. அந்தப் பாத்தியதை ஒரு க்ஷணத்தில் அவள் கையை விட்டுப் போய்விட்டது.

தேடிய சுவடுகளை அழிப்பதென்று பேச்சு எடுத்தாலே, தகாத காரியம் செய்தவர்கள் அதை மறைக்கக் கையாளும் தந்திரம் என்ற அபிப்பிராயம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த அபிப்பிராயம் பெரும் பிழை என்பது என் உறுதியான எண்ணம். நோயைப் பற்றியும் கடனைப் பற்றியும், குழந்தை பிறக்காத ஏக்கத்தைப் பற்றியும், வேறு வேலை தேடுவதைப் பற்றியும், மனிதன் சக மனிதரிடம் கேட்கக் கூசுகின்ற கேள்விகளையே இந்தக் கருவியிடம் தனிமையில் கேட்கிறான் ஆதலால், தேடல்களின் ஜாபிதா என்பது ஒருவனுடைய கடிதங்களைக் காட்டிலும் அந்தரங்கமானது. இது எவ்வளவு உண்மை என்பதை 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உலகம் கண்டது. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் என்று கருதி, சுமார் ஆறரை லட்சம் பேர் மூன்று மாத காலத்தில் தேடிய ஏறத்தாழ இரண்டு கோடித் தேடல்களை, பெயர்களை நீக்கி எண்களை மட்டும் இட்டு, பகிரங்கமாக வெளியிட்டது. பெயர் இல்லையே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஆனால் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர்கள், ஓர் எண்ணுக்கு நேரே இருந்த தேடல்களை வரிசையாகப் படித்தே, அவற்றைத் தேடிய மூதாட்டி இன்னார் என்று கண்டுபிடித்து அவர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பட்டியலை நிறுவனம் உடனே திரும்பப் பெற்றுக்கொண்டது என்றாலும், அதற்குள் பலர் படியெடுத்துக்கொண்டுவிட்டனர்.

இனி, டேப்லெட் எதை எதை நினைவில் வைக்கிறது என்று பார்ப்போம். நாம் போய்வந்த பக்கங்களின் முகவரியும் நேரமும் ஒரு பட்டியலாகச் சேர்கின்றன. இதைத்தான் ‘ஹிஸ்டரி’ என்கிறோம். பார்த்த பக்கங்களின் படங்களும் சில பகுதிகளும், மறுமுறை போகும்போது விரைவில் திறப்பதற்காகக் கருவியிலேயே சேமிக்கப்படுகின்றன, இது ‘கேஷ்’. மூன்றாவதாக உள்ள ‘குக்கி’ கொஞ்சம் விளக்கம் வேண்டுவது. இணையம் தொடங்கிய காலத்தில், ஒரு தளத்தின் கணினிக்கு, இப்போது வந்திருப்பவர் சற்று முன்பு வந்தவர்தானா என்று அறியும் வழி இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போனாலே அவர் புதிய மனிதர் ஆகிவிடுவார். கடையில் பொருள்களைத் தேர்ந்தெடுத்து வைத்தால் அடுத்த பக்கத்தில் அவை காணாமற் போகும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி என்ற இளைஞர், தளமானது ஒரு சிறு குறிப்பை வருபவரின் கருவியிலேயே எழுதிவைத்து, அவர் திரும்ப வரும்போது அதை வாங்கிப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார். சௌகரியத்துக்காகப் பிறந்த அந்த ஏற்பாட்டை, விளம்பரம் செய்வோர் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு நம்மைப் பின்தொடர்ந்து வரும் கருவியாக ஆக்கிக்கொண்டது பிற்காலத்துக் கதை. அம்மா மூட்டுவலித் தைலத்தைப் பற்றித் தேடினால், மறுநாள் பேரன் பார்க்கும் பாடப் பக்கத்தின் ஓரத்திலும் மூட்டுவலித் தைலம் வந்து நிற்பதற்கு, அவ்விதக் குறிப்புகளும் ஒரு காரணம்.

ஹிஸ்டரியை அழிக்க முற்படும் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அதைச் சற்று நிதானித்துச் சொல்ல விரும்புகிறேன். நம் தேடல்கள் ஒரே இடத்தில் பதிவாவதில்லை. டேப்லெட்டுக்குள் இருக்கும் பதிவு ஒன்று. கூகுள் கணக்கில் நுழைந்த நிலையில் தேடியிருந்தால், அந்தக் கணக்கோடு சேர்ந்து அந்நிறுவனத்தின் கணினிகளில் இருக்கும் பதிவு வேறொன்று. வீட்டு நாட்குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டால், தபாலாபீஸ் ரிஜிஸ்தரில் உள்ள விவரமும் அழிந்துவிடுமா? அது போலவே, கருவியில் ஹிஸ்டரியை அடியோடு அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர், மறுநாள் அதே கணக்கில் தேடும்போது பழைய தேடல் கடிகாரப் படத்தோடு மீண்டும் எழுந்து வருவதைக் கண்டு திகைத்துப்போகிறார். கருவி பழுது என்று எண்ணி, கடைக்காரரிடம் எடுத்துப் போகிறவர்களும் உண்டு. பழுது ஒன்றும் இல்லை. அழித்தது ஒரு பதிவு, எழுந்து வந்தது மற்றொரு பதிவு.

முதலில் கருவியில் உள்ளதை அழிக்கும் முறை. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் குரோம் உலாவியைத் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், ‘டெலீட் பிரவுசிங் டேட்டா’ என்ற வரி தென்படும். அதைத் தொட்டவுடன் எவ்வளவு காலத்துப் பதிவை அழிப்பது என்று கேட்கும். இங்கேதான் கவனம் வேண்டும். தற்போதைய குரோமில் முதலில் காட்டப்படுவது ‘கடைசி 15 நிமிஷம்’ என்பதே. அதை மாற்றாமல் அழிக்கச் சொன்னால், நேற்று இரவு தேடியது நேற்று இரவு இருந்தபடியே இருக்கும். ஒரு மணி, ஒரு நாள், ஒரு வாரம், நான்கு வாரம், எல்லாக் காலமும் என்று வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். சாம்சங் டேப்லெட்டுகளில் அந்நிறுவனத்தின் சொந்த உலாவி தனியே இருக்கும். ஒரே கருவியில் இருந்தாலும், குரோமில் அழித்தது அதில் அழியாது என்பதால், வீட்டில் யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து இரண்டிலும் செய்ய வேண்டும்.

ஐபேடில், செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ என்ற பகுதிக்குள் சஃபாரி உலாவியைத் திறந்து, ‘கிளியர் ஹிஸ்டரி அண்ட் வெப்சைட் டேட்டா’ என்பதைத் தொட வேண்டும். பழைய ஐபேடுகளில் ‘ஆப்ஸ்’ என்ற இடைப்பகுதி இல்லாமல் செட்டிங்ஸிலேயே சஃபாரி இருக்கும். இதில் ஒரு விஷயம் ஞாபகத்தில் இருக்கட்டும்: ஐகிளவுட் வழியாகச் சஃபாரி இணைந்திருந்தால், ஐபேடில் அழித்த ஹிஸ்டரி அதே கணக்கில் உள்ள ஐபோனிலும் மறைந்துவிடும். மறுதலையாக, ஐபோனில் தனிமையில் பார்த்த பக்கங்கள் கூடத்து ஐபேடின் பட்டியலிலும் வந்து சேரும். பல குடும்பங்களில், அப்பாவின் கணக்கையே ஐபேடிலும் போட்டுவைத்திருக்கிறார்கள். அப்படியானால் அப்பாவின் கைப்பேசியில் பார்த்தவை, குழந்தையின் கண்ணெதிரே கிடக்கின்றன என்று பொருள்.

அழிக்கும் உற்சாகத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவதும் சரியன்று. குக்கிகளை அழித்தால், நுழைந்திருந்த தளங்களில் பெரும்பாலானவை நம்மை மறந்துவிடும். கணவரை இழந்து தனியே இருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு, வெளிநாட்டில் உள்ள பிள்ளை எப்போதோ வந்திருந்தபோது மின்னஞ்சல், மின்சாரக் கட்டணம், மருந்துக் கடை எல்லாவற்றிலும் நுழைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கோடை விடுமுறைக்கு வந்த பேரன் நல்லெண்ணத்தோடு “பாட்டி, நான் கிளீன் பண்ணித் தர்றேன்” என்று குக்கி உட்பட அனைத்தையும் அழித்துவிட்டால், மறுநாள் ஒவ்வொரு தளமும் பாஸ்வேர்டு கேட்கும்போது அவள் என்ன செய்வாள்? பிள்ளையை எழுப்பலாமென்றால் அங்கே நடுநிசி. ஆகையால் முதியவர் கருவியில் கைவைக்கும்போது, ஹிஸ்டரிக்கு மட்டும் குறியிட்டு, குக்கி, பாஸ்வேர்டு ஆகியவற்றின் குறியை எடுத்துவிடுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. குரோமில் இந்தத் தேர்வுக்கு இடம் உண்டு. கேஷை அழிப்பதால் பெருத்த நஷ்டம் ஒன்றும் இல்லை. சில பக்கங்கள் முதல் முறை கொஞ்சம் மெதுவாகத் திறக்கும்.

இனி, கணக்கோடு சேர்ந்த பதிவு. உலாவியில் ‘மை ஆக்டிவிட்டி’ என்ற கூகுளின் பக்கத்துக்குப் போனால், அந்தக் கணக்கில் தேடியவை நாள்வாரியாக, மணிவாரியாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். முதல் முறையாகப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு நடுக்கத்தைத் தருவது இயல்பு. இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு துயரமான வாரம் முழுவதும், கேள்வி கேள்வியாக அங்கே அப்படியே இருக்கக்கூடும். ஒவ்வொன்றாகவோ, குறிப்பிட்ட நாட்களுக்கு உரியதாகவோ, முழுவதுமாகவோ அழிக்கலாம். அழித்த பிறகும், இன்ன வேளையில் ஏதோ தேடப்பட்டது என்ற அளவிலான விவரம் நிறுவனத்திடம் இருக்கலாம். என்ன தேடப்பட்டது என்பது இராது என்று கூகுளே தன் விளக்கங்களில் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டு முதல், பதிவுகள் தாமாகவே அழியும்படி அமைக்கும் வசதி உண்டு. 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று கெடு வைக்கலாம். 2020 ஜூன் முதல் தொடங்கிய புதிய கணக்குகளில் 18 மாதம் என்பது தானாகவே அமைந்திருக்கும். அதற்கு முந்திய கணக்குகளை நாமே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். யூடியூபின் பதிவு இதிலிருந்து வேறு. அதற்குத் தனியே கெடு வைக்க வேண்டும்.

‘மை ஆக்டிவிட்டி’ பக்கத்துக்கு ஒரு பூட்டும் போடலாம் என்பதைப் பலர் அறியார். டேப்லெட்டைத் திறந்தவர் எவரும் அந்தக் கணக்கின் பழைய தேடல்களைப் படித்துவிடாதபடி, அப்பக்கத்தைக் காட்டுமுன் கடவுச்சொல்லையோ வேறு அடையாளத்தையோ கேட்கும்படி அமைத்துக்கொள்ளலாம். பொதுக் கருவி இருக்கும் வீட்டில் இதை இன்றே செய்துவிட வேண்டும் என்று நான் சொல்வேன்.

விசைப்பலகையையும் மறத்தலாகாது. அது நாம் அடிக்கடி எழுதும் சொற்களைக் கற்றுக்கொண்டு, பாதி எழுதும்போதே முழுச் சொல்லை நீட்டுகிறது. ஒரு மருந்தின் பெயரையோ ஒரு மனிதரின் பெயரையோ பல முறை எழுதியிருந்தால், ஹிஸ்டரி அனைத்தும் அழிந்த பின்னரும் அந்தப் பெயர் அங்கே தங்கியிருக்கலாம். ஜிபோர்டு விசைப்பலகையின் அமைப்புகளில், கற்ற சொற்களை அழிக்கும் வழி இருக்கிறது. ஐபேடில் ‘ரீசெட் கீபோர்டு டிக்‌ஷனரி’ என்பது அந்த வேலையைச் செய்யும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ‘இன்காக்னிட்டோ’ முறையில் பார்த்தால் போயிற்றே என்று சிலர் கேட்கலாம். குரோமில் 2008-ஆம் ஆண்டிலிருந்தே இருந்துவரும் இந்த முறை, பார்த்த பக்கங்களைக் கருவியின் பட்டியலில் சேர்க்காது, சாளரங்களை மூடியவுடன் குக்கிகளைத் துறந்துவிடும். வீட்டாரிடமிருந்து அந்தரங்கத்தைக் காப்பதற்கு அது மெய்யாகவே உதவும். ஆனால் நாம் போகும் தளமும், இணைய இணைப்புத் தரும் நிறுவனமும் நம்மைப் பார்க்காமல் இருப்பதில்லை. இன்காக்னிட்டோவில் இருந்தவர்களின் விவரத்தையும் கூகுள் சேகரித்தது என்று 2020-இல் அமெரிக்காவில் ஒரு வழக்கு தொடுக்கப்பட்டது. 2024-இல் வெளியான சமரச ஏற்பாட்டின்படி, அவ்விதம் சேர்ந்த நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் சம்மதித்தது. இந்தியாவிலும், இணைய சேவை தருவோர் தங்கள் கணினிகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. கருவியில் நாம் அழிப்பது அவற்றைத் தொடாது.

எல்லாவற்றையும் அழிப்பதே ஆபத்தாக முடியும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. வீட்டில் அடியும் வசையும் அனுபவிக்கும் ஒரு பெண், எங்கே உதவி கிடைக்கும் என்று பொதுக் கருவியிலேயே தேட நேரலாம். அவளைச் சதா கண்காணிக்கும் கணவன், மாலையில் வந்து பார்க்கும்போது பட்டியல் முழுவதும் வெறுமையாக இருந்தால், அந்த வெறுமையே அவனுக்குச் சந்தேகம் ஊட்டும். ஆகவே இவ்விஷயத்தில் அனுபவமுள்ளவர்கள், முழுவதையும் துடைக்காமல் அந்தத் தேடலையும் அந்தப் பக்கத்தையும் மட்டும் தனித்தனியே எடுத்துவிட்டு, சமையல் குறிப்பும் சீரியலும் இருந்தபடி இருக்க விடும்படி கூறுகிறார்கள். கூடுமானால் தோழியின் கைப்பேசியிலோ நூலகத்துக் கணினியிலோ தேடுவது அதனினும் மேல். குரோமின் ஹிஸ்டரிப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் நேரே அழிக்கும் குறி உண்டு. சஃபாரியிலும் ஒரு வரியை மட்டும் தனியே நீக்கலாம். குரோமின் தேடும் பெட்டியில் எழுந்து வரும் பழைய கேள்வியை விரலால் சற்று அழுத்திப் பிடித்தாலும், அதை நீக்கட்டுமா என்று கேட்கும். பெண்களுக்கான உதவி எண் 181; தொலைபேசியில் அதை அழைத்த பிறகு, அழைப்புப் பட்டியலிலிருந்தும் அந்த எண்ணை எடுத்துவிட வேண்டும்.

குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஐபேடில் ‘ஸ்கிரீன் டைம்’ மூலம் வயதுக்குப் பொருந்தாத தளங்களைத் தடுத்துவைத்தால், ஹிஸ்டரியை அழிக்கும் வரி மங்கிப்போய் வேலை செய்யாது. கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ கண்காணிப்பில் உள்ள குழந்தையின் கணக்கில் இன்காக்னிட்டோ திறக்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது தகும். ஆனால் பதினாறு வயதுப் பெண் தன் உடலைப் பற்றிக் கேட்கும் கேள்விகளையெல்லாம் அப்பா உட்கார்ந்து படிப்பது, அவளைக் காப்பது ஆகாது. அந்தரங்கம் என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது ஷரத்தில் அடங்கிய அடிப்படை உரிமை என்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசாங்கத்தை எதிர்த்து எழுந்த வழக்கு அது என்றாலும், ஒருவரை ஒருவர் மதிக்கும் அந்த நியாயம் கூடத்து மேஜைக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

உண்மையில், அழிப்பதைக் காட்டிலும் பிரித்துவைப்பது மேலான வழி. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் 2012-ஆம் ஆண்டு முதலே, ஒரே கருவியில் பலருக்குத் தனித்தனி இருப்பிடம் அமைக்கும் வசதி உண்டு. செட்டிங்ஸில் ‘யூசர்ஸ்’ என்பதைத் தேடிப் பார்த்து, தாத்தாவுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று என்று ஏற்படுத்தினால், ஒருவர் தேடியது மற்றவர் கண்ணில் படாது. பாதி எழுதிய சொல்லின் கீழே பிறருடைய கேள்வி வந்து நிற்பதும் இல்லை. வீட்டில் பயன்படுத்தும் ஐபேடில் இந்த வசதி இல்லை. பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டுமே ஆப்பிள் அதை அளித்திருக்கிறது. இத்தனை கைகள் தொடும் ஒரு கருவிக்கு அதை மறுத்திருப்பது பெரிய குறை.

கடைசியாக, டேப்லெட்டை விற்கும்போதோ உறவினர் பிள்ளைக்குக் கொடுக்கும்போதோ, ஹிஸ்டரியை மட்டும் அழித்துக் கொடுப்பது போதாது. கருவி முழுவதையும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஐபேடில் செட்டிங்ஸ், ஜெனரல் ஆகியவற்றின் உள்ளே கீழ்க்கோடியில் உள்ள ‘டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபேட்’ என்பதிலும், ஆண்ட்ராய்டில் ‘ரீசெட்’ என்று தேடினால் கிடைக்கும் ‘எரேஸ் ஆல் டேட்டா’ என்பதிலும் இதைச் செய்யலாம். ஆண்ட்ராய்டில் அப்படிச் செய்வதற்கு முன்னால் கூகுள் கணக்கைக் கருவியிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. நீக்காமல் விட்டால், திருட்டுக்கு எதிரான காவல் ஏற்பாடு குறுக்கிட்டு, வாங்கிக்கொண்டு போன பிள்ளை திறக்கும்போது பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டைக் கேட்கக்கூடும்.